கல்மாலையும் கைமாலையும்

(கல்விக் கழக வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இந்த மேடையில் கல்வி குறித்தும் வேலைவாய்ப்புக் குறித்தும் இடஒதுக்கீட்டு உரிமை குறித்தும் அறிஞர் பலர் பேசியிருக்கின்றனர். அவர்களுக்குப் பின்னர் வந்துள்ள நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சிலருக்கு வியப்பையும், வேறு சிலருக்குச் சிரிப்பையும் உண்டாக்கலாம். கையால் செய்யும் அணிகலன்களைப் பற்றியும், அவை மனத்தின் காயத்தை ஆற்றுவதற்கும் முறிந்த உறவைச் சேர்ப்பதற்கும் எவ்வாறு துணைபுரிகின்றன என்பது பற்றியும் பேசப்போகிறேன்.

"மணி கோப்பதற்கா நாம் கழகம் நடத்துகிறோம்?" என்று விழாக்குழுவில் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். அது நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறுவதே இந்த உரையின் நோக்கம். அவ்விடையை நம்முடைய வரலாற்றிலிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

சுமத்தப்பட்ட மாலை

அணிகலன் என்றதும் அழகு, செல்வம், மங்கலம் என்றெல்லாம் உலகத்தார் எண்ணுவர். நம் முன்னோருக்கு அணிகலன் வேறொரு பொருளையும் தந்தது. திருவிதாங்கூர் நாட்டில் புலையர் குலப் பெண்கள் கழுத்தில் கல்மாலை அணிய வேண்டும் என்பது சாதிவழக்கம். கல்லாலும் கண்ணாடியாலும் ஆன மணிகளைக் கோத்த மாலை அது. பொன்னும் வெள்ளியும் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. மார்பை மறைக்கும் ஆடையும் மறுக்கப்பட்டது. தொலைவில் வரும்போதே இன்னார் என்று அறிந்து விலகிக்கொள்வதற்கு அந்த மாலை ஓர் அடையாளமாகப் பயன்பட்டது.

1907இல் சாதுசன பரிபாலன சங்கத்தைத் தோற்றுவித்த மாவீரர் அய்யன்காளியின் இயக்கம் அந்த மாலையை அறுத்தெறியுமாறு பெண்களை அழைத்தது. 1915ஆம் ஆண்டில் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டுப் பகுதியில் பெண்கள் அவ்வாறே செய்தனர். ஆதிக்கச் சாதியார் பொறுக்கவில்லை. கூட்டம் தாக்கப்பட்டது, குடிசைகள் தீக்கிரையாயின, மக்கள் ஊரைவிட்டு ஓடினர். அதன்பின் அதே ஆண்டில் கொல்லம் நகரில் அய்யன்காளி ஒரு பெருங்கூட்டத்தைக் கூட்டினார். சங்கனாசேரி பரமேசுவரன் பிள்ளை அதற்குத் தலைமை தாங்கினார். அந்த மேடையின் முன்னே பெண்கள் தத்தம் கழுத்து மாலைகளை அறுத்துக் குவித்தனர். கல்மாலைப் போராட்டம் என்று வரலாறு அதனைக் குறிக்கிறது.

அடுத்து 1927 டிசம்பரில் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் பெண்களிடம் ஆற்றிய உரையை நினைவுகூருங்கள். கழுத்து நிறையக் கோத்த மாலைகளும், முழங்கை வரை அடுக்கிய வெள்ளி, தகர வளையல்களும் தீண்டாமையின் அடையாளங்களாக உள்ளன. அவற்றைக் களைந்துவிடுங்கள் என்று அவர் அறிவுறுத்தினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1930 டிசம்பரில், நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகைகளை அணியக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று.

ஓரிடத்தில் "இதை அணிந்தே தீர வேண்டும்" என்ற கட்டளை. மற்றோரிடத்தில் "இதை அணியவே கூடாது" என்ற கட்டளை. இரண்டிற்கும் வேர் ஒன்றே. உன் உடல் உனக்கு உரியதன்று என்பதே அதன் உட்பொருள். ஒரு சிறுமி தன் தாயின் கழுத்தில் அந்த மாலையைக் காணும்போது அவள் மனத்தில் என்ன பதிந்திருக்கும்? சாதியின் கொடுமையை நிலம், கூலி, கல்வி ஆகியவற்றைக் கொண்டு நாம் அளந்திருக்கிறோம். மனத்தில் அது உண்டாக்கிய புண்ணை நாம் போதிய அளவு பேசவில்லை என்றே கருதுகிறேன்.

பெரியவர்களின் அச்சம்

இன்னொரு தடையையும் நான் மறைக்க விரும்பவில்லை. கைத்தொழிலின் பெருமையை யாரேனும் பேசினால் நம் பெரியோர் ஐயுறுகின்றனர். அந்த ஐயத்திற்குக் காரணம் உண்டு. 1953இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் அரைநாள் பள்ளியில் இருந்துவிட்டு மறுபாதியில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்று கூறப்பட்டது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயர் சூட்டி எதிர்த்தனர். 1954இல் காமராசர் பொறுப்பேற்றதும் அது கைவிடப்பட்டது. அத்திட்டம் நிலைத்திருந்தால் இந்த மேடையில் அமர்ந்திருக்கும் பலர் இங்கே இருந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே கைத்தொழிலைக் கல்வியின் இடத்தில் வைப்பதற்காக நான் வரவில்லை என்பதை முதற்கண் தெளிவுபடுத்திவிடுகிறேன். பிறப்பினால் ஒருவன் கையில் திணிக்கப்படும் தொழில் வேறு. ஒருவன் தன் விருப்பத்தால், தன் ஓய்வில், தன் மனத்தின் பொருட்டு மேற்கொள்ளும் கைப்பணி வேறு. கல்மாலைக்கும், நாமே நிறம் தேர்ந்து நாமே கோத்து நாம் விரும்பியவருக்கு அளிக்கும் கைமாலைக்கும் உள்ள வேறுபாடு எதுவோ, அதுவே இங்கும் உள்ளது. இந்த வேறுபாட்டை உளங்கொண்டு மேலே சொல்வதைக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

கையும் மனமும்

மனநோயாளர்களைச் சங்கிலியிட்டு அடைத்து வைப்பதே ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. 1796இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் தியூக் என்ற குவேக்கர் சமயத்தார் ஓர் இல்லத்தைத் திறந்தார். நோயாளரை மனிதராக நடத்துதல், அவர்களுக்கு ஏற்ற வேலை தருதல் என்பவை அவ்வில்லத்தின் நெறிகள். தோட்டவேலையும் தையலும் அங்கே மருத்துவத்தின் பகுதிகளாயின.

ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, 1917இல், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சிலர் கூடி இந்நெறிக்கென ஒரு தேசியச் சங்கத்தை நிறுவினர். செயல்வழி மருத்துவம் என்று இன்று நாம் அழைக்கும் துறை அவ்வாறு உருப்பெற்றது. கூட்டியவர் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞர். காசநோயாலும் பின்னர்ப் பக்கவாதத்தாலும் துன்புற்றுத் தம் கைகளின் உழைப்பால் தம்மை மீட்டுக்கொண்டவர் அவர். நோயை அறிந்தவரே அதற்கான வழியையும் கண்டார் என்பது இங்கே கருதத்தக்கது. நம் நாட்டில் 1950ஆம் ஆண்டில் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் அம்மையார் இத்துறைக்கான முதற் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

அணிகலன் செய்வது இம்மருத்துவத்தில் சிறப்பிடம் பெற்றது இரண்டாம் உலகப் போரின்போது. போர்க்களத்திலிருந்து திரும்பிய வீரர்கள் உடலிலும் மனத்திலும் காயமுற்றிருந்தனர். உறக்கம் இல்லை, சிறு ஓசைக்கும் நடுக்கம், மனைவி மக்களிடம் பேச இயலாத இறுக்கம். மார்கரெட் கிரேவர் என்ற வெள்ளிப்பணிக் கலைஞர், விலையுயர்ந்த உலோகங்களைச் சுத்திகரிக்கும் ஒரு நிறுவனத்தின் ஆதரவுடன் மருத்துவமனைகளுக்கான உலோகப் பணித் திட்டம் ஒன்றை வகுத்தார். வீரர்களுக்கு உலோகப் பணியைக் கற்பிப்பதற்கு மருத்துவப் பணியாளர்கள் பயிற்சி பெற்றனர். இதே காலத்தில், 1944 முதல் 1948 வரை, நியூயார்க் நவீனக் கலைக்கூடம் போர்வீரர்க்கென ஒரு கலை நிலையத்தை நடத்தியது. அங்கும் நகை செய்தல் ஒரு வகுப்பாக இருந்தது. அவ்வனுபவத்தை ஒட்டி 1949இல் நகை செய்யும் முறை பற்றிய ஒரு நூலையும் அக்கூடம் வெளியிட்டது.

துப்பாக்கி பிடித்த கைகளுக்கு மோதிரம் செய்யக் கற்பித்தது ஏன்? ஒரு பட்டறையை மனக்கண்ணால் பாருங்கள். வெள்ளித் தகட்டின்மீது சுத்தியலால் அடிக்க வேண்டும். உள்ளத்தில் தேங்கிய சினத்திற்கு அங்கே யாரையும் புண்படுத்தாத ஒரு வழி கிடைக்கிறது. ஆனால் அடித்துக்கொண்டே இருந்தால் தகடு இறுகி வெடித்துவிடும். அதனை நெருப்பில் காட்டி மென்மையாக்கியபின்தான் மீண்டும் அடிக்கலாம். மெல்லிய வாளால் அறுக்கும்போது வலிந்து அழுத்தினால் வாள் முறிந்துபோகும். அரத்தால் தேய்க்கும்போது கண்ணும் கையும் மூச்சும் ஒரே ஒழுங்கில் இயங்க வேண்டும். நேற்றைய நினைவுக்கும் நாளைய கவலைக்கும் அப்போது இடம் குறைந்துவிடுகிறது. இறுதியில் கையில் ஒரு பொருள் எஞ்சுகிறது. "என்னால் எதுவும் ஆகாது" என்று நாள்தோறும் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தவன் கண்முன்னே, அவனால் ஆகிய ஒன்று இருக்கிறது. அதனோடு வாதாட அவனால் இயலாது.

நம் பொற்கொல்லர் பட்டறையிலும் ஒரு பாடம் உண்டு. உடைந்த நகையைப் பொடி வைத்து ஊதி ஒட்டுவார்கள். நெருப்புப் போதாவிட்டால் பொடி உருகாது. மிகுந்துவிட்டால் நகையே உருகிவிடும். அளவறிந்து, பொறுத்திருந்து ஊத வேண்டும். உறவை ஒட்டவைக்க விரும்புகிறவர் எவரும் அந்தப் பட்டறையில் ஒரு நாழிகை நின்று பார்க்கலாம்.

அண்மைக் கால ஆய்வு ஒன்றையும் குறிப்பிடுகிறேன். 2016இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேரை 45 நிமிடம் கலைப்பணியில் ஈடுபடுத்தினர். களிமண், வண்ணக்கோல், ஒட்டுப்படம் ஆகியவற்றில் விரும்பியதை அவர்கள் செய்தனர். முன்னும் பின்னும் அவர்களின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்னும் மன அழுத்தச் சுரப்பின் அளவு பார்க்கப்பட்டது. ஏறத்தாழ 75 விழுக்காட்டினருக்கு அது குறைந்திருந்தது. முன்பே கலை பயின்றவர், பயிலாதவர் என்ற வேறுபாடு அதில் தென்படவில்லை. சிறிய ஆய்வுதான், நகை செய்வதை அது ஆராயவும் இல்லை. எனினும் கைவண்ணம் உள்ளவர்க்கே இந்நன்மை என்று எண்ண வேண்டியதில்லை என்பதை அது காட்டுகிறது.

மணி பேசிய மொழி

மனநலத்தைப் போன்றே உறவிலும் கைமாலை ஆற்றிய பணியை அறிய, தென்னாப்பிரிக்காவுக்குச் செல்வோம். 1860 முதல் நம் மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிச் சென்ற நட்டால் பகுதி அங்கேதான் உள்ளது. அப்பகுதியின் பழங்குடிகளான ஜூலு மக்கள் மணிக்கோவையில் வல்லவர்கள்.

1886இல் ஜொகன்னசுபர்க்கில் தங்கச் சுரங்கங்கள் தோன்றியபின், கருப்பின ஆடவர் ஊரைவிட்டுச் சுரங்கத்திற்குச் சென்றனர். மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்ல இசைவில்லை. தொழிலாளர் கொட்டடிகளில் மாதக்கணக்கில் தனித்து வாழ்ந்தனர். ஊரில் இருந்த பெண்கள் வண்ணக் கண்ணாடி மணிகளால் சிறிய கழுத்தணிகளைக் கோத்துத் தம் அன்பருக்கு அளித்தனர். வெள்ளை, சிவப்பு, கறுப்பு, நீலம், பச்சை என ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு குறிப்புப்பொருள் உண்டு. அப்பொருள் ஊருக்கு ஊர் மாறும். ஒரு நிறமே அதன் அருகில் எந்த நிறம் அமைகிறது என்பதைப் பொறுத்து வேறு பொருள் தரும். ஆகவே கோத்தவளும் அணிந்தவனும் மட்டுமே முழுதும் அறிந்த மடலாக அது விளங்கியது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒரு மக்கள் தமக்கென ஒரு மொழியை மணிகளில் அமைத்துக்கொண்டனர். பிரிவு உறவை அறுத்துவிடாமல் ஒரு நூல் காத்தது.

அந்த மரபு 1990களின் இறுதியில் மற்றொரு பணிக்கும் பயன்பட்டது. எய்ட்சு நோய் அப்பகுதியில் கொடிய அளவில் பரவியிருந்தது. கணவனிடமும் மாமனார் மாமியாரிடமும் உடலுறவு, நோய் ஆகியவை குறித்துப் பெண்கள் வாய்திறந்து பேசுவதை அவர்களின் மரியாதை வழக்கம் தடுத்தது. டர்பனில் வடிவமைப்புக் கல்வி கற்பித்த கேட் வெல்சு என்பவர், ஊர்ப்புறக் கைவினைப் பெண்களை ஒருங்கிணைத்து 'சியசாமா' என்ற திட்டத்தைத் தொடங்கினார். 'முயல்கிறோம்' என்பது அச்சொல்லின் பொருள். வாயால் சொல்ல முடியாதவற்றை அப்பெண்கள் மணிகளால் செய்த பொம்மைகளிலும் சின்னங்களிலும் சொன்னார்கள். இழந்த பிள்ளை, ஏமாற்றிய கணவன், தன் உடலில் உள்ள நோய், தன்னைச் சூழ்ந்த அச்சம் ஆகியவை அவர்கள் கையில் உருவம் பெற்றன. அருகில் இருந்தவள் அதைக் கண்டு தன் கதையைச் சொன்னாள்.

நேருக்குநேர் முகம் பார்த்துச் சொல்ல முடியாத சொல், இருவரும் ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இயல்பாக வெளிவந்துவிடும். நம் தாய்மார்கள் களையெடுக்கும்போதும் புளி தட்டும்போதும் பேசிக்கொண்ட பேச்சை நினைத்துப் பாருங்கள். நான் சொல்வது புரியும்.

என் வீட்டில் நடந்தது

இனி நான் சொல்லப்போவது என் குடும்பத்துச் செய்தி. என் தங்கையின் ஒப்புதலோடுதான் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் முதன்முதலாகக் கல்லூரிப் படிப்பை முடித்த பெண் அவள். வெளியூரில் ஓர் அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. தந்தையார் அன்று தெருவுக்கே சோறு போட்டார். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அவள் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். காரணம் கேட்டால் பதில் இல்லை. உறக்கம் இல்லை, தலை வாருவதில்லை, சுவரைப் பார்த்து அமர்ந்திருப்பாள். "எத்தனை பாடுபட்டு உன்னைப் படிக்க வைத்தேன்" என்று தந்தையார் ஒருநாள் வெடித்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றது. காற்றுக் கருப்பு என்றார்கள், மந்திரித்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். எட்டு மாதங்கள் இவ்வாறு வீணாயின. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. படித்தவனாகிய நானும் வாளாவிருந்தேன்.

எங்கள் தெருவைச் சேர்ந்த செவிலியர் ஒருவரின் வற்புறுத்தலால் பின்னர் மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மாத்திரைகள் தந்தார்கள். சில வாரங்களில் உறக்கம் வந்தது. மருத்துவமனையின் பயிற்சிக் கூடத்தில் தையல், கூடை முடைதல், மணி கோத்தல் என்று பல வேலைகள் இருந்தன. எதைச் செய்ய விருப்பம் என்று கேட்டார்கள். அவள் மணியை எடுத்தாள். எவரும் அவளை ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்லி நெடுநாள் ஆகியிருந்தது.

வீடு திரும்பியபோது ஒரு தகரப் பெட்டி நிறைய மணிகளுடன் வந்தாள். ஒரு மாலையில் அந்தப் பெட்டி கவிழ்ந்து திண்ணையெங்கும் மணிகள் சிதறின. தந்தையார் ஒன்றும் பேசாமல் கீழே அமர்ந்து பொறுக்கத் தொடங்கினார். மறுநாள் மாலையும் வந்து அமர்ந்தார். நிறம் பிரித்துக் கிண்ணங்களில் இட்டார். நாலைந்து நாள் இப்படியே சென்றது. அவருக்குக் கண்பார்வை மங்கியிருந்தது. நீல மணிகளைக் கறுப்போடு சேர்த்துப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் அவள், "அது நீலம்பா" என்றாள். எட்டு மாதங்களுக்கும் மேலாக அவரிடம் அவள் பேசாதிருந்தபின் பேசிய முதற்சொல் அதுதான். "அப்படியா, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாம்மா தெரியுது" என்றார் அவர்.

அதன்பின் பல மாலைகள் கழித்து, மணி கோத்துக்கொண்டே, அந்த அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னாள். உணவு வேளையில் விலகிய நாற்காலிகள். தண்ணீர்க் குடத்தருகே அவள் சென்றால் எழும் பார்வைகள். அவள் செய்த பிழையற்ற வேலைக்கும் "இவர்களுக்கெல்லாம் எப்படி வேலை கிடைக்கிறது தெரியாதா" என்ற முணுமுணுப்பு. தந்தையார் தலை குனிந்தபடி கேட்டார். பிறகு, தம் இளமையில் தேநீர்க் கடை வாசலில் தமக்கு நேர்ந்ததைச் சொன்னார். அதை அவர் எங்களிடம் அதுவரை சொன்னதில்லை. தாம் பட்டதைப் பிள்ளைகள் அறியக் கூடாது என்று அவர் மறைத்திருந்தார். தான் பட்டதை அறிந்தால் தந்தை உடைந்துபோவார் என்று அவள் மறைத்திருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் காப்பதாக எண்ணி ஒருவரையொருவர் இழந்திருந்தார்கள்.

அவருடைய சாவிக்கொத்துக்கு நீலமும் கறுப்புமாக ஒரு மணிக்கயிறு கோத்துத் தந்தாள். இறுதிவரை அதை அவர் இடுப்பில் செருகியிருந்தார். இன்று அது என்னிடம் இருக்கிறது. தங்கை இப்போது வேறொரு பணியில் இருக்கிறாள். மாத்திரையை முற்றிலும் நிறுத்தவில்லை. சில மாதங்கள் அவளுக்குக் கடினமாகவே கழிகின்றன. அப்போதெல்லாம் அந்தப் பெட்டி திறக்கப்படுகிறது. யாரேனும் ஒருவர் அருகில் சென்று அமர்கிறோம்.

இளைஞர்களுக்குச் சில சொற்கள்

இதனால் மணி கோத்தால் மனநோய் தீர்ந்துவிடும் என்று யாரும் முடிவுகட்டிவிடாதீர்கள். மருத்துவம் தொடங்கியபின்தான் அவள் கையில் மணி நின்றது. நோயுற்றவரை மந்திரவாதியிடமும் தர்காவிலும் கோயிலிலும் விட்டுவிடுவதால் நேரும் கேட்டினை நம் மாவட்டமே கண்டது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர்கள் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடை செய்துள்ளது. அரசு மருத்துவத்தில் மனநலச் சிகிச்சை பெறுவதைச் சாதி, பாலினம், சமய வேறுபாடின்றி ஒவ்வொருவரின் உரிமையாகவும் அச்சட்டம் ஆக்கியுள்ளது. உரிமை என்ற சொல்லின் மதிப்பை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் நம் நாட்டில் நடைபெற்று வருகிறது. 2022 அக்டோபர் 10ஆம் நாள் நடுவண் அரசு தொடங்கிய டெலிமானஸ் என்ற தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை விடுதிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமும் பசியும் ஊக்கமும் கெட்டிருப்பவர், வாழ்ந்து பயனில்லை என்று பேசுகிறவர் உங்கள் அறையில் இருந்தால், அதை மறைப்பது நட்பாகாது. உடன் அமருங்கள், கேளுங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கழகத்தாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நம் மாணவர் விடுதியிலும் மாணவியர் விடுதியிலும் ஞாயிறு மாலை ஒருமணி நேரம் ஓர் அறையைத் திறந்து வையுங்கள். கொஞ்சம் மணி, நூல், ஊசி, களிமண் இருந்தால் போதும். களிமண்ணைப் பிசைந்து உருட்டி, ஈர்க்கால் துளையிட்டு, நிழலில் உலர்த்திச் சுட்டால் சுடுமண் மணி ஆகிவிடும். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. அந்த அறைக்குச் சில விதிகள் வேண்டும். எவரையும் வரச்சொல்லி வற்புறுத்தக் கூடாது. படிப்பு நேரத்தை அதற்கு எடுக்கக் கூடாது. போட்டியும் பரிசும் வைக்கக் கூடாது. விற்பனைக்குச் செய்யச் சொல்லக் கூடாது. பேச விரும்பாதவரைப் பேசச் சொல்லக் கூடாது. ஆண்பிள்ளைகளையும் அவசியம் அனுமதிக்க வேண்டும். அழக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்களுக்கே அந்த அறை மிகுதியும் தேவைப்படும்.

இங்கிருந்து வெளியூர்க் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் செல்லப்போகும் பிள்ளைகளே! உங்களுள் பலரை அங்கே அன்பு வரவேற்கும். சிலரை வேறுவிதமான பார்வைகளும் எதிர்கொள்ளும். அப்போது சட்டத்தை நாடுங்கள், சங்கத்தை நாடுங்கள், போராடுங்கள். அதனோடு, நேர்ந்ததை வீட்டிற்கு எழுதுங்கள், சொல்லுங்கள். உங்கள் பெற்றோர் உங்களைவிட மிகுதியாகத் தாங்கியவர்கள். அதைக் கேட்பதற்கும் அவர்களுக்கு வலிமை உண்டு.

கொல்லத்து மேடையின் முன்னே கல்மாலைகளை அறுத்துக் குவித்த தாய்மாரின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்று பட்டம் பெற்று வாழ்கிறார்கள். தாம் விரும்பியதை அணிகிறார்கள், விரும்பாவிட்டால் விடுக்கிறார்கள். என் தங்கை தன் கழுத்துக்கு இதுவரை ஒரு மாலையும் கோத்துக்கொண்டதில்லை. "எனக்குக் கோப்பதுதான் பிடிக்கும்" என்கிறாள். அந்த விருப்பத்தை எவரும் கேள்வி கேட்க முடியாத நிலையைத்தான் நம் முன்னோர் நமக்குப் பெற்றுத் தந்தார்கள் என்று நான் கருதுகிறேன்.